ஆறுதல் கிடைத்த பிள்ளைதான் ஆறுதல் சொல்லும்

ஜூன் மாதம் முதல் வாரத்தில் ஏதாவது ஒரு ப்ளே ஸ்கூல் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். "அம்மா போகாத" என்று புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை அலறும். அம்மாவின் கண்ணும் கலங்கியிருக்கும். ஆயாம்மா குழந்தையை வாங்கி உள்ளே தூக்கிப் போவார். எல்லாருடைய பார்வையும் அழுகிற குழந்தைமேல்தான் இருக்கும். பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளோடு வேலை பார்ப்பவள் என்பதால், என் கண் சுற்றியிருக்கும் மற்ற குழந்தைகள் மேல் போகும்.

அதுவரை சிரித்து விளையாடிக்கொண்டிருந்த ஒருத்தி தானும் சேர்ந்து அழ ஆரம்பிப்பாள். ஒருவன் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டுவான். இன்னொருத்தி தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அழுகிற பிள்ளையிடம் கூட்டி வருவாள். அந்தப் பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே நிற்பது அவளுக்குப் பொருட்டாகத் தெரியாது. ஒருவன் எதுவுமே நடக்காதது போல முதுகைக் காட்டிக்கொண்டு ப்ளாக்ஸ் அடுக்குவான். அபூர்வமாக, ஒரு குழந்தை எழுந்து வந்து அழுகிற பிள்ளையை ஓங்கி அடிக்கும்.

அந்தக் கடைசிக் குழந்தைக்கு நம் ஊரில் தீர்ப்பு உடனே கிடைத்துவிடும். "சரியான முரட்டுப் புள்ள." "மனசுல ஈரமே இல்ல." "அப்பன் புத்தி அப்படியே." இரண்டரை வயதுப் பிள்ளையைப் பற்றித்தான் இப்படிப் பேசுகிறோம்.

அடுத்தவர் வலியைப் பார்த்து மனம் இளகும் குணம் எங்கிருந்து வருகிறது, சில பிள்ளைகளிடம் அது சீக்கிரமே தென்படுவதும் சிலரிடம் மறைந்தே கிடப்பதும் ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் ஐம்பது அறுபது வருடங்களாகப் பொறுமையாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றைப் படித்ததும் வகுப்பறையில் கண்ணால் பார்த்ததும் சேர்ந்து எனக்கு ஒன்றை உறுதியாக்கியிருக்கின்றன. பரிவு புத்திமதியால் வருவதில்லை. தான் அழுதபோது யார் வந்தார்கள், எப்படித் தேற்றினார்கள் என்பதில்தான் அது ஆரம்பிக்கிறது.

பிறக்கும்போதே இருப்பது

பிரசவ வார்டில் இரவு தங்கியவர்களுக்குத் தெரியும். ஒரு தொட்டிலில் அழுகை ஆரம்பித்தால் அடுத்தடுத்த தொட்டில்களிலும் கேட்கும். ஏபிரகாம் சாகி, மார்ட்டின் ஹாஃப்மன் இருவரும் 1976-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறந்து ஓரிரு நாளே ஆன சிசுக்கள், அதே அளவு சத்தமாக இருந்த செயற்கை ஒலியைவிட நிஜமான குழந்தையின் அழுகையைக் கேட்டுத்தான் அதிகம் அழுதன. இதைப் பரிவு என்று சொல்லிவிட முடியாது. வலி என்னுடையதா, உன்னுடையதா என்ற பிரிவு அந்த வயதில் தெளிவாக இருக்காது. ஆனால் மனிதக் குரலில் இருக்கும் துயரத்துக்கு அசையும் தன்மையோடுதான் நாம் பிறக்கிறோம்.

அதற்குப் பிறகு அது வளரும் வழியை ஹாஃப்மன் படிப்படியாக விளக்கியிருக்கிறார். ஒரு வயதை ஒட்டிய குழந்தை, இன்னொரு குழந்தை அழுவதைப் பார்த்தால் ஓடிப்போய்த் தன் அம்மா மடியில் முகம் புதைக்கும். இன்னும் சில மாதங்கள் போனால் உதவ வரும். ஆனால் தனக்கு எது ஆறுதலோ அதையே தரும். தன் அம்மாவை இழுத்து வந்த அந்தச் சிறுமி இந்தப் படியில் நிற்கிறாள். இரண்டு வயதை நெருங்கும்போதுதான் 'இவனுக்கு வேண்டியது வேறு' என்று பிடிபடத் தொடங்கும்.

இந்தத் திருப்பத்தை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. பெட்டி ரெபகோலி, அலிசன் காப்னிக் இருவரும் 1997-ல் வெளியிட்டது. குழந்தைகளுக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் பிஸ்கட், இன்னொன்றில் பச்சை ப்ரோக்கோலி. குழந்தைகளுக்குப் பிடித்தது பிஸ்கட்தான். ஆராய்ச்சியாளர் பிஸ்கட்டைத் தின்று முகத்தைச் சுளித்து, ப்ரோக்கோலியைத் தின்று மகிழ்ந்து காட்டிவிட்டு, "எனக்குக் கொஞ்சம் தா" என்று கை நீட்டினார். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகள் ப்ரோக்கோலியை எடுத்துக் கொடுத்தன. நான்கு மாத இடைவெளியில் எவ்வளவு பெரிய தாவல்! இன்னொருவரின் விருப்பம் தன் விருப்பத்திலிருந்து வேறாக இருக்கலாம் என்பது அந்தச் சின்ன மண்டைக்குள் விளங்கிவிட்டது.

ஆக, எல்லாக் குழந்தைகளிடமும் தொடக்கம் இருக்கிறது. வேறுபாடு எங்கே வருகிறது?

பிணைப்பு

1954-ல் உளவியலாளர் மேரி ஏன்ஸ்வொர்த் தன் கணவரோடு உகாண்டாவுக்குப் போனார். கம்பாலாவைச் சுற்றியிருந்த கிராமங்களில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று தாய்களையும் கைக்குழந்தைகளையும் கவனித்தார். அம்மா இருந்தால் தைரியமாகத் தவழ்ந்து போய் வீட்டை ஆராய்வதும், பயந்தால் அம்மாவிடம் திரும்பி ஓடி வருவதும், அணைத்ததும் தேறி மறுபடி விளையாடப் போவதுமாக இருந்த குழந்தைகள் யாருடைய குழந்தைகள் என்று பார்த்தார். அவர் கண்டுபிடித்த ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். தன் குழந்தையைப் பற்றிக் கேட்டால் எந்த அம்மாக்கள் சின்னச் சின்ன விவரங்கள் வரை ஆர்வமாகச் சொன்னார்களோ, அவர்களின் குழந்தைகளே பெரும்பாலும் இப்படி நிம்மதியான பிணைப்போடு இருந்தன. அது எப்போது சிணுங்கும், எதைப் பார்த்து மிரளும், எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்கும் என்று சொல்லத் தெரிந்தவர், அந்தக் குழந்தையை உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தவர்.

பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவர் செய்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அறிமுகமில்லாத ஓர் அறை, கொஞ்சம் பொம்மைகள், முன்பின் தெரியாத ஒரு பெண். அம்மா இரண்டு முறை வெளியே போய்த் திரும்புவார். மொத்தம் ஏறக்குறைய இருபது நிமிடம். குழந்தை அழுகிறதா என்பது அதில் முக்கியமல்ல. அம்மா திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதே முக்கியம். நிம்மதியான பிணைப்புள்ள குழந்தை அம்மாவிடம் போகும், தேறும், மறுபடி விளையாடும். சில குழந்தைகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டே கோபத்தில் உதைக்கும், தேறவே தேறாது. இன்னும் சில, அம்மா வந்ததையே கவனிக்காதது போல பொம்மைப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இந்தக் கடைசி வகையைத்தான் நாம் "தொந்தரவே பண்ணாத நல்ல புள்ள" என்று மெச்சிக்கொள்வோம். ஆனால் ஆலன் ஸ்ரூஃப், எவரட் வாட்டர்ஸ் இருவரும் 1977-ல் இதயத்துடிப்பை அளந்து பார்த்தபோது, வெளியே அமைதியாகத் தெரிந்த அந்தக் குழந்தைகளின் நெஞ்சும் மற்றக் குழந்தைகளின் நெஞ்சைப் போலவே படபடத்துக்கொண்டிருந்தது. அழுதாலும் பயனில்லை, ஒதுங்கியிருந்தால்தான் அம்மா பக்கத்தில் விடுவார் என்று ஒரு வயதுக்குள் அவை கற்றுக்கொண்டிருந்தன. ப்ளாக்ஸ் அடுக்கிக்கொண்டிருக்கும் அமைதியான பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வு என் நினைவுக்கு வரும்.

"தூக்கித் தூக்கிப் பழக்காத, கைக்குப் பழகிடும், அப்புறம் கீழயே விட முடியாது" என்று இளம் தாய்களிடம் சொல்லாத வீடே இல்லை. ஏன்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் 1972-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரானது. முதல் சில மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் போய் எடுத்த அம்மாக்களின் குழந்தைகள், ஒரு வயதாகும்போது குறைவாகவே அழுதன. அழுகையைத் தவிர வேறு வழிகளிலும் தங்கள் தேவையைச் சொல்லத் தெரிந்துகொண்டிருந்தன. கூப்பிட்டால் வருவார்கள் என்று தெரிந்த குழந்தை ஏன் கத்த வேண்டும்?

இதற்கும் பரிவுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு உண்டு. மற்றவரின் துயரத்தைப் பார்க்கும்போது நமக்குள் இரண்டில் ஒன்று நடக்கும் என்கிறார்கள் நான்சி ஐசன்பர்க் போன்ற உளவியலாளர்கள். ஒன்று, 'ஐயோ, இவளுக்கு என்ன ஆச்சு' என்று மனம் அவள் பக்கம் போவது. இன்னொன்று, 'என்னால் இதைத் தாங்க முடியவில்லை' என்று நம் பதற்றத்திலேயே நாம் மூழ்குவது. இரண்டாவது வந்துவிட்டால் உதவி செய்யத் தோன்றாது. அந்த இடத்தை விட்டு ஓடத் தோன்றும், அல்லது அந்தச் சத்தத்தை எப்படியாவது நிறுத்தத் தோன்றும். தானே தண்ணீரில் தத்தளிக்கிறவரால் இன்னொருவரைக் கரை சேர்க்க முடியாது.

பதற்றத்தைத் தாங்கிக்கொள்ளும் திறனைக் குழந்தை தானாகக் கற்றுக்கொள்வதில்லை. அழும்போது ஒரு பெரியவர் எடுத்து, தோளில் சாய்த்து, தட்டிக்கொடுத்து, தாழ்ந்த குரலில் பேசி அடக்குகிறார். நூற்றுக்கணக்கான முறை அது நடந்த பிறகு, அந்த அமைதி உள்ளேயே தங்கிவிடுகிறது. துயரம் வரும், போகும், அதற்கு ஒரு முடிவு உண்டு என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் குழந்தையால்தான் அடுத்த குழந்தையின் அழுகையைப் பயப்படாமல் பார்க்க முடியும். என்ன செய்ய வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும்; ஏனென்றால் தனக்குச் செய்யப்பட்டிருக்கிறது.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் ஆய்வை மேரி மெயினும் கரோல் ஜார்ஜும் 1985-ல் வெளியிட்டார்கள். படிக்கவே மனம் வலிக்கும். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள இருபது குழந்தைகள். எல்லாருமே வறுமையாலும் நெருக்கடியாலும் அவதிப்படும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதில் பத்துப் பேர் வீட்டில் அடி உதைக்கு ஆளானவர்கள். மற்றப் பத்துப் பேர் அப்படி இல்லை. குழந்தைகள் காப்பகத்தில் கூட இருக்கும் பிள்ளை அழும்போது இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். அடி வாங்காத குழந்தைகளில் பலர் கவலையோடு பார்த்தார்கள், வருந்தினார்கள், பக்கத்தில் போனார்கள். அடி வாங்கிய பத்துப் பேரில் ஒருவர்கூட அக்கறை காட்டவில்லை. பயந்தார்கள், மிரட்டினார்கள், அழுகிற பிள்ளையையே அடித்தார்கள்.

அடி வாங்கியவர்களில் இரண்டரை வயது தாண்டிய ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பு மறக்க முடியாதது. அழுகிற சிறுமியின் கையைப் பிடிக்கப் போகிறான். அவள் விலக்கியதும் கையில் அடிக்கிறான். நிறுத்து, நிறுத்து என்று கத்துகிறான். பிறகு முதுகில் தட்டிக்கொடுக்கிறான். அவள் அடங்காததும் பின்வாங்கிப் பல்லைக் கடித்துச் சீறுகிறான். மறுபடி தட்டிக்கொடுக்கிறான், தட்டு அடியாக மாறுகிறது, அவள் அலறியும் நிறுத்தவில்லை.

அந்தப் பிள்ளைக்கு முதுகில் தட்டிக்கொடுக்கத் தெரிந்திருக்கிறது. யாரோ செய்து பார்த்திருக்கிறான். ஆனால் அழுகைச் சத்தம் கேட்டதும் அவனுக்குள் எழுவது பயம். அவன் வீட்டில் அழுகைக்கு அடுத்து வருவது அடி. ப்ளே ஸ்கூலில் எழுந்து வந்து அடிக்கும் குழந்தையை "மனசுல ஈரமே இல்ல" என்று சொல்வதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள் என்று சக ஆசிரியர்களிடம் நான் மன்றாடுவது இதனால்தான். அந்தக் குழந்தை கல் நெஞ்சோடு இல்லை. நடுங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரூஃபும் அவருடைய சகாக்களும் 1970-களின் நடுவில் மினசோட்டாவில் தொடங்கிய நீண்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. ஒரு வயதில் நிம்மதியான பிணைப்போடு இருந்த பிள்ளைகள், நான்கு ஐந்து வயதில் கூட்டாளிகள் அழும்போது அதிகப் பரிவு காட்டினார்கள். பிள்ளைகளை இருவர் இருவராக விளையாட விட்டுப் பார்த்தபோது, நிம்மதியான பிணைப்புள்ள பிள்ளை இருந்த ஜோடிகளில் ஒருவர் மற்றவரைக் கொடுமைப்படுத்துவது நடக்கவே இல்லை. அந்தப் பிள்ளைகள் தாங்களும் யாரையும் வாட்டவில்லை. தங்களை வாட்டவும் விடவில்லை.

அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்

இவ்வளவையும் படித்துவிட்டு எந்த அம்மாவும் 'அன்றைக்கு அழ விட்டேனே' என்று கலங்க வேண்டாம். அதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, எல்லாமே வளர்ப்பால் தீர்மானமாவதில்லை. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள், பரிவில் மரபணுவுக்கும் பங்கு உண்டு என்று காட்டியிருக்கின்றன. பிறவியிலேயே கூச்சமுள்ள குழந்தை மனதுக்குள் உருகினாலும் எழுந்து போய்த் தேற்றாது. பிணைப்புக்கும் பரிவுக்கும் உள்ள தொடர்பு உண்மையானது, ஆனால் தலையெழுத்து அல்ல.

இரண்டாவது, யாரும் எப்போதும் சரியாக இருக்கத் தேவையில்லை. எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் செய்த சோதனையில், அம்மா கொஞ்ச நேரம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரிக்கும், கையை நீட்டும், கத்திக் கூப்பிடும், கடைசியில் துவண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பக்கத்தில் அம்மா இருந்தும் இல்லாமல் போவது குழந்தையை எவ்வளவு உலுக்குகிறது என்று அது காட்டியது. மடியில் பிள்ளையும் கையில் செல்போனுமாக உட்காரும் நமக்கு அதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஆனால் ட்ரானிக் வலியுறுத்திய இன்னொரு விஷயத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. சாதாரணமான, அன்பான தாயும் சேயும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போகும் நேரம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. பிசகுவதும், பிசகியதைச் சரிசெய்வதுமாகத்தான் நல்ல உறவு நகர்கிறது. கோபத்தில் கத்திவிட்டுப் பிறகு போய் அணைத்து, "அம்மா கத்திட்டேன்ல, பயந்துட்டியா" என்று கேட்பது அந்தச் சரிசெய்தல்தான். உடைந்த உறவை எப்படி ஒட்டவைப்பது என்று குழந்தை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது, பிணைப்பு அம்மாவோடு மட்டும் நடப்பதல்ல. மானுடவியலாளர் சாரா ஹர்டி 'மதர்ஸ் அண்ட் அதர்ஸ்' என்ற நூலில், மனிதக் குழந்தையை வளர்ப்பது எப்போதுமே பல கைகளின் வேலையாக இருந்திருக்கிறது என்றும், பலரின் முகக்குறிப்பைப் படிக்க வேண்டியிருந்ததே நம் இனத்தில் பரிவு வளர்ந்ததற்கு ஒரு காரணம் என்றும் வாதிடுகிறார். அப்பத்தா இடுப்பில், அத்தை தோளில், பக்கத்து வீட்டு அக்கா கையில் என்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்பாவும் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டியவர் அல்ல. இரவில் எழுந்து தட்டித் தூங்க வைக்கும் அப்பாவோடும் குழந்தைக்கு அதே ஆழமான பிணைப்பு உண்டாகும்.

பிறகு சரிசெய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ருமேனியாவின் அனுபவம் பதில் சொல்கிறது. அங்கே அரசு விடுதிகளில் கவனிக்க ஆளின்றி ஆயிரக்கணக்கான குழந்தைகள் வளர்ந்தார்கள். 2000-ல் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் 136 குழந்தைகளில் ஒரு பாதியைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். தங்களுக்கென்று ஒருவர் கிடைத்த குழந்தைகள் பிணைப்பில் பெரிய அளவு மீண்டார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் இன்னும் நன்றாக மீண்டார்கள். சீக்கிரம் என்றால் நல்லது. தாமதமானாலும் பயன் உண்டு.

நம் வீடுகளில்

குழந்தை தடுக்கி விழுந்து அழுதால், "தரைதானே அடிச்சுது? இந்தா தரைக்கு ஒண்ணு" என்று தரையை அடித்துக் காட்டுவோம். குழந்தை அழுகையை நிறுத்திச் சிரிக்கும். அன்பில் செய்வதுதான். ஆனால் வலி வந்தால் யாரையாவது திருப்பி அடிக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. அதே நேரத்தில் முழங்காலைத் தடவி, "வலிக்குதா? எங்க வலிக்குது? ஊதி விடட்டா?" என்று கேட்டால், வலி வந்தால் தடவிக்கொடுக்க வேண்டும் என்ற பாடம் போகும். அடுத்த வாரம் தங்கச்சி விழும்போது அவன் ஓடிப்போய் முழங்காலை ஊதுவான். நான் பார்த்திருக்கிறேன்.

நம் தாலாட்டுகளில் இந்த ஞானம் ஏற்கெனவே இருக்கிறது. அழுகிற குழந்தையிடம் மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா என்று உறவுகளை வரிசையாக விசாரித்துக்கொண்டே போகும் பாடல்களை நம் பாட்டிமார் பாடியிருக்கிறார்கள். உன் அழுகைக்கு ஒரு காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அக்கறை உண்டு என்பதுதான் அந்த விசாரணை. "அழாத, வாய மூடு, பூச்சாண்டி வந்துடுவான், போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்" என்பது அந்த மரபுக்கே எதிரானது.

ஆண் பிள்ளைகளுக்கு நாம் செய்வது இன்னும் கொடியது. "ஆம்பளப் புள்ள அழலாமா, பொட்டப் புள்ள மாதிரி" என்று மூன்று வயதிலேயே சொல்லிவிடுகிறோம். தன் அழுகையே கேவலம் என்று கற்றுக்கொண்டவன் அடுத்தவர் அழுகையை எப்படி மதிப்பான்? வளர்ந்த பிறகு மனைவியின் கண்ணீர் அவனுக்கு எரிச்சலாகத்தான் தெரியும்.

கண்டிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கண்டிக்கத்தான் வேண்டும். எப்படி என்பதற்கு கரோலின் ஜான்-வாக்ஸ்லரும் மேரியன் ராட்கே-யாரோவும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் செய்த ஆய்வு வழி காட்டுகிறது. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குப் பயிற்சி தந்து, வீட்டில் யாராவது வருந்தும்போது பிள்ளை என்ன செய்தது, தாங்கள் என்ன சொன்னார்கள் என்பதை மாதக்கணக்கில் பதிவு செய்யச் சொன்னார்கள். 1979-ல் முடிவு வந்தது. "ம்ம், வேண்டாம்" என்று வெறுமனே தடுத்தாலும், அடித்தாலும், பிள்ளையின் பரிவு வளரவில்லை. "பாரு, அவ அழறா. நீ கடிச்சதுல அவளுக்கு வலிக்குது. யாரையும் கடிக்கக் கூடாது" என்று மனதில் படும்படி, உறுதியான குரலில், காரணத்தைச் சொன்ன அம்மாக்களின் பிள்ளைகளே அதிகம் பரிகாரம் தேடினார்கள். அதே அம்மாக்கள் மற்ற நேரங்களில் பிள்ளைகளின் வலியை மதித்து அரவணைப்பவர்களாக இருந்தபோது பலன் இன்னும் கூடியது.

நம் பள்ளிகளில் "சாரி சொல்லு" என்பதே பெரிய ஒழுக்கப் பாடமாக இருக்கிறது. பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு "சாரி மிஸ்" என்று என்னிடம் சொல்லும். அடி வாங்கியவன் ஓரமாக அழுதுகொண்டிருப்பான். அதற்குப் பதிலாக, "அவன் முகத்தைப் பாரு. என்ன பண்ணா அவனுக்கு நல்லா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை தண்ணீர் கொண்டுவரும், ஒரு பிள்ளை பிடுங்கிய காரைத் திருப்பிக் கொடுக்கும். யோசிக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுவது முக்கியம். சீலியா பிரவ்னெலும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், படப் புத்தகம் காட்டும்போது தாங்களே உணர்ச்சிகளை விளக்கிக்கொண்டே போன பெற்றோரைவிட, "இந்தப் பாப்பா ஏன் அழுது?" என்று பிள்ளையைச் சொல்ல வைத்த பெற்றோரின் குழந்தைகளே அதிகம் பகிர்ந்தார்கள், அதிகம் உதவினார்கள்.

உதவிக்கு மிட்டாய் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் தோமசெல்லோ இருவரும் 18 மாதக் குழந்தைகள்கூட யாரும் கேட்காமலே, கீழே விழுந்த துணிக் கிளிப்பை எடுத்துத் தருவார்கள் என்று 2006-ல் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள். உதவியதற்கு வெகுமதி பெற்ற குழந்தைகள், வெகுமதி நின்றதும் முன்போல உதவவில்லை.

கவனிப்பவர்களைக் கவனிக்க வேண்டும்

கடைசியாக ஒன்று. அழுகிற பிள்ளையைப் பொறுமையாகத் தேற்ற, தேற்றுகிறவருக்குத் தெம்பு வேண்டும். விடிகாலை எழுந்து சமைத்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணிடம் "குழந்தையின் உணர்வுக்கு மதிப்புக் கொடுங்கள்" என்று பேசிவிட்டுப் போவது நியாயமில்லை. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு 2021-ல் தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை ஓராண்டாக்கியது. நல்லவைதான். ஆனால் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற அம்மாவுக்கு இவை எட்டுவதில்லை. அவருடைய குழந்தைக்கும் அதே கைகளும் அதே நேரமும் தேவை. அங்கன்வாடிப் பணியாளருக்குக் கணக்கெழுதும் வேலையைக் குறைத்து, அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள நேரம் கொடுத்தாலே பெரிய மாற்றம் வரும் என்று நான் நம்புகிறேன்.

நம் பிள்ளைகள் இரக்கமுள்ளவர்களாக வளர வேண்டும் என்று நாம் எல்லாருமே விரும்புகிறோம். அதற்குத் தனி வகுப்பு வேண்டாம், நீதிக்கதைப் புத்தகம் வாங்கி அடுக்க வேண்டாம். இன்று உங்கள் வீட்டுப் பிள்ளை அழுதால், காரணம் எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன ஆச்சு என்று கேளுங்கள். அது தேறும்வரை இருங்கள். பக்கத்து வீட்டு இளம் அம்மா களைத்துப்போயிருந்தால் அவர் குழந்தையைக் கொஞ்ச நேரம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பிள்ளை முரட்டுத்தனம் செய்தால் பெயர் வைப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளையைத் தேற்ற வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.